வறட்சியைப் பஞ்சமாக்காதீர்கள்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. போன வாரம் வந்த ஒன்றில், வறட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'டிரவுட்' (drought) இருந்த இடமெல்லாம் 'பஞ்சம்'. நானும் ஒரு காலத்தில் செய்ததுதான். எரிச்சலில் பாதி அதனால். 'வரட்சி' என்று எழுதுவதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை, அகராதியே திருத்திவிடும்.

வறட்சி வேறு, பஞ்சம் வேறு

வறட்சி தண்ணீர்க் கணக்கு, பஞ்சம் வயிற்றுக் கணக்கு. பருவமழை வழக்கமான அளவைவிட 26 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் வறட்சி என்கிறது இந்திய வானிலைத் துறை. 50 சதவீதத்தைத் தாண்டினால் கடும் வறட்சி. அதற்கு மழைமானி போதும். பஞ்சம் என்று அறிவிக்க, ஐ.நா. அமைப்புகள் பின்பற்றும் வகைப்பாட்டின் அளவுகோல்களில் ஒன்று சாவு எண்ணிக்கை: நாளொன்றுக்கு 10,000 பேரில் குறைந்தது 2 பேர்.

ஒன்றில்லாமல் மற்றது வரும். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டதற்கு வறட்சி காரணமல்ல. போர்க்காலத்தில் அரிசி விலை கைக்கெட்டாமல் போனது. 1972-73-ல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. நிவாரண வேலையும் கூலியும் கிடைத்ததால் பஞ்சம் வரவில்லை.

என் கதைக்கு வருகிறேன். "இரண்டாம் ஆண்டாக வறட்சி நீடித்தும் பஞ்சம் தவிர்க்கப்பட்டது" என்று வரவேண்டிய வரி, என் கையில் "பஞ்சம் நீடித்தும் பஞ்சம் தவிர்க்கப்பட்டது" ஆனது. உறுத்தியது. சரி என்று இரண்டாவதைப் 'பட்டினி' ஆக்கினேன், முதலாவதைத் தொடவில்லை! அச்சாகி வந்த பிறகு, இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினேன். பசை நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது.

பாலைவனத்தில் வறட்சியா?

தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் மழை இல்லாதது அன்றாடம். அது வறண்ட நிலம். வழக்கத்தைவிடக் குறைந்தால்தான் வறட்சி. அடைமழை ஊரிலும் அது வரலாம்.

எந்த வறட்சி?

மழை குறைந்தால் வானிலை வறட்சி, மண் ஈரம் போய்ப் பயிர் வாடினால் வேளாண் வறட்சி, ஆறும் நிலத்தடி நீரும் இறங்கினால் நீரியல் வறட்சி. ஒரு மழையில் பயிர் நிமிர்ந்துவிடும், கிணறு ஊற மாதங்கள் ஆகும். "மழையால் வறட்சி நீங்கியது" என்று எழுதுமுன் எது நீங்கியது என்று பாருங்கள்.

பதக்க வறட்சி

விளையாட்டில் பதக்கமே கிடைக்காத காலத்தைச் சொல்லும் உருவகம். தலைப்பில் இருக்கட்டும். செய்திக்குள் வேண்டாம்.

தோல் வறட்சி

நல்ல தமிழ்தான். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது மட்டும் 'டிரவுட்' என்று போட்டுவிடாதீர்கள். ஒருவர் போட்டார்.