செகண்ட்ஹேண்ட் ஆர்சி விமானம்: வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

ரிமோட்டில் பறக்கும் ஆர்சி மாதிரி விமானத்தைப் பழையதாக வாங்கும்போது, போட்டோவை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். தரையில் மோதிய பால்சா (லேசான மரம்) விமானத்துக்குப் புது ஃபிலிம் (மேலே ஒட்டும் பிளாஸ்டிக் உறை) ஒட்டி இஸ்திரி போட்டுவிட்டால் பளபளவென்று இருக்கும். நேரில் போய் இறக்கையைக் கழற்றச் சொல்லி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்க்க வேண்டும்.

மூக்கு குத்தி விழுந்த விமானத்தில் அடி பெரும்பாலும் மோட்டாரைத் தாங்கும் ஃபயர்வால் பலகையில்தான் விழும். பலகையின் மூலைகளில் பசை கட்டிகட்டியாக வழிந்திருந்தால் அது பிறகு ஒட்டிய ஒட்டு. ஒழுங்காக எபாக்சி பசை வைத்து ஒட்டியிருந்தால் பாதகமில்லை. மோட்டாரைப் பிடித்து அசைத்துப் பாருங்கள், பலகையும் சேர்ந்து ஆடினால் வேண்டாம். ஃபோம் விமானமா? மூக்கு மட்டும் அம்மைத் தழும்பு போலக் கரடுமுரடாக இருந்தால், நசுங்கியதை வெந்நீர் விட்டு உப்ப வைத்திருக்கிறார்கள்.

நான் வாங்கிய ஒரு டிரெய்னரில் (பழகுவதற்கான விமானம்) இறக்கை நடுவே ஃபிலிம் லேசாகச் சுருங்கியிருந்தது. வெயிலில் வைத்ததால் வந்த சுருக்கம் என்றார் விற்றவர். வெயிலுக்கு ஃபிலிம் சுருங்குவது உண்மைதான் என்பதால் நானும் நம்பினேன். வீட்டில் விரலால் அழுத்தியதும் உள்ளே நறுக்கென்று சத்தம். ஃபிலிமை உரித்தால், இறக்கையை நீளவாக்கில் தாங்கும் ஸ்பார் கட்டை குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது, அதன் மேல் காய்ந்துபோன ஒரு சொட்டு சூப்பர் குளூ. அப்படியே பறக்கவிட்டு, டைவிலிருந்து நிமிர்த்தியிருந்தால் இறக்கை மடிந்திருக்கும். மைதானத்து ஓரம் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்பார்கள். இன்றும் நினைத்தால் பதறுகிறது.

“பேட்டரியும் சேர்த்துத் தர்றேன்” என்றால் விலையைக் கூட்டிவிடாதீர்கள். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பியிருந்தால் கையிலேயே வாங்க வேண்டாம், தீப்பிடிக்கும். உப்பாவிட்டாலும் செக்கர் (வோல்ட் காட்டும் கருவி) வைத்து செல் செல்லாகப் பாருங்கள். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், சும்மா வைத்திருக்கும்போது 3.8 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஒரே ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலும் அந்த பேட்டரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரிமோட்டின் சிக்னலை விமானத்தில் வாங்கும் ரிசீவர் விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். ரிமோட்டும் ரிசீவரும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தானே என்று வாங்கி வருவார்கள். ஸ்பெக்ட்ரம் கம்பெனி ரிசீவர் ஃபிளைஸ்கை கம்பெனி ரிமோட்டோடு பைண்ட் ஆகாது, அதாவது இணையாது. ரிமோட்டும் சேர்த்து வாங்கினால் த்ராட்டில் (மோட்டார் வேகத்துக்கான குச்சி) எந்தக் கையில் என்று கேளுங்கள். இடது கையில் இருந்தால் பெரும்பாலும் மோட் 2 (மோட் என்பது குச்சிகளின் அமைப்பு வகை). வேறு மோடில் பழகிய கை, அவசரத்தில் தவறான குச்சியைத் தள்ளிவிடும்.

சோதிக்கும் முன் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். பிறகு குச்சிகளை மெதுவாக நகர்த்திக் காது கொடுங்கள். சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்) ஓரிடத்தில் மட்டும் திக்கினால் பல்சக்கரத்தில் பல் போயிருக்கும். எலிவேட்டரையும் (வாலில் அசையும் பலகை) எய்லரானையும் (இறக்கையில் அசையும் பலகை) மெல்ல இழுத்து ஹிஞ்ச் (கீல்) கழன்று வருகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று முதல் விமானமாக அதை எடுத்துவிட வேண்டாம். பழகும் கைக்கு, இறக்கை மேலே இருக்கும் டிரெய்னர்தான் சரி.

கிளம்பும் முன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த பேட்டரியை எந்த இடத்தில் வைத்துப் பறக்கவிட்டார்? அதே பேட்டரியை அங்கே வைத்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலால் தாங்கித் தூக்கச் சொல்லுங்கள். சாதாரண டிரெய்னர் என்றால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அது சமமாக நிற்கும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள்.