பாஷை தெரியாத நாட்டுக்கு போறீங்களா? வாயை நம்பாதீங்க, எழுதி காட்டுங்க

பாஷை தெரியாம வெளிநாடு போறதுல ஒரு தப்பும் இல்ல, எவ்வளவோ பேர் அப்படித்தான் ஜாலியா சுத்திட்டு வர்றாங்க. எல்லாத்தையும் வாயாலேயே பேசி சமாளிச்சுடலாம்னு கிளம்புறாங்க பாருங்க, அங்கதான் சிக்கலே. ஒருத்தருக்கு இங்கிலீஷ் புரியலன்னா உடனே அதே வாக்கியத்தை இன்னும் சத்தமா சொல்லுவாங்க, அப்பவும் புரியலன்னா இன்னும் சத்தமா... அவருக்கு காது நல்லாத்தான் கேக்குது சார், பாஷைதான் புரியல.

"அதான் கூகுள் ட்ரான்ஸ்லேட் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா அது அவசரமா தேவைப்படுற நேரம் பாத்து நெட் இருக்காது. அந்த மொழிக்கான ஆஃப்லைன் ஃபைலை கிளம்புறதுக்கு முன்னாடியே டவுன்லோட் பண்ணி, ஃப்ளைட் மோடுல போட்டு ஒரு தடவை டெஸ்ட் பண்ணி பாத்துடுங்க. அதுவும் சைனா போறவங்க கண்டிப்பா பண்ணணும், அங்க கூகுள், ஜிமெயில், வாட்ஸப் எல்லாமே ப்ளாக், போய் இறங்கி பாத்துக்கலாம்னு விட்டா அம்போதான். அப்புறம் ஆப்ல நாம பேசுற மாதிரியே நீளமா கொட்டாதீங்க, "போய்ட்டு வந்துடலாம்னு பாக்குறேன்"னு அடிச்சா அது என்னத்தையாவது சொல்லி வைக்கும். சின்ன சின்ன வாக்கியமா, ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு விஷயமா போடுங்க. வந்த பதிலை திருப்பி நம்ம மொழிக்கு மாத்தி பாத்தா எங்க சொதப்பிருக்குன்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

என்னை கேட்டா பெரிய தப்பு வேற, அது ஆமா-இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேள்வி கேக்குறது. "இந்த பஸ் ஸ்டேஷனுக்கு போகுமா?"ன்னு கேப்பீங்க, அவருக்கு ஸ்டேஷன்ங்கிறது மட்டும்தான் காதுல விழுந்திருக்கும், மரியாதைக்கு சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார், நீங்களும் நம்பி ஏறிடுவீங்க. பல்கேரியாவுல இன்னும் கஷ்டம், அங்க தலையை பக்கவாட்டுல ஆட்டினா ஆமா, மேலயும் கீழயும் ஆட்டினா இல்லன்னு அர்த்தம்! அதனால போற இடத்தோட பேரை அந்த ஊர் எழுத்துல காட்டி, எந்த பஸ், எத்தனை மணின்னு கேளுங்க, அவர் விரலால காட்டட்டும் இல்ல நம்பரை எழுதி தரட்டும். தலையாட்டுறது பதிலே கிடையாது, கை காட்டுனாதான் பதில்.

அட்ரஸும் அதே கதைதான். ஹோட்டல் புக்கிங்ல அட்ரஸ் இங்கிலீஷ் எழுத்துல இருக்கும், ராத்திரி நேரத்துல டாக்ஸி டிரைவர் உங்க போனை வாங்கி, கண்ணாடியை நெத்திக்கு தூக்கி விட்டுட்டு, ரெண்டு விரலால ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாப்பார், கடைசில போனை உங்க கையிலயே குடுத்துடுவார். இறங்கின உடனே ரிசப்ஷன்ல உள்ளூர் எழுத்துல இருக்குற கார்டு ஒண்ணு வாங்கி பர்ஸ்ல வைங்க, சார்ஜ் போனாலும் அது இருக்கும். அதுல ஹோட்டல் போன் நம்பர் இருந்தா இன்னும் நல்லது, டிரைவரே கூப்பிட்டு வழி கேட்டுப்பார். சும்மா "ஏர்போர்ட்"னு மட்டும் சொல்லி டாக்ஸில ஏறாதீங்க, டோக்கியோவுல நரிதா, ஹனேடான்னு ரெண்டு இருக்கு, பாங்காக்குலயும் ரெண்டு.

சாப்பாட்டுல "நோ மீட்"னு சொன்னா போதும்னு நினைக்கிறது வெஜிடேரியன்ஸ் எல்லாரும் பண்றது. தாய்லாந்துல மீன் சாஸ் பாதி ஐட்டத்துல இருக்கும், ஜப்பான்ல சூப்போட அடிப்படையே பெரும்பாலும் காய வெச்ச மீன்ல எடுத்த சாறு, அவங்க அதை மீட் கணக்குலயே சேக்க மாட்டாங்க. எது எது கூடாதுன்னு பேர் பேரா அந்த மொழில எழுதி வெச்சிருங்க. வேர்க்கடலை மாதிரி அலர்ஜி இருந்தா இது உயிர் பிரச்சனை, ஆப்பை நம்பாம அந்த மொழி தெரிஞ்ச யாராவது ஒருத்தர்கிட்ட காட்டி சரி பாத்துக்கோங்க.

விலையை வாயால பேசாதீங்க, கால்குலேட்டர்ல தட்டி காட்டுங்க. விரல்லயும் ஏமாறலாம், சைனாவுல ஆறுன்னு சொல்ல கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டுவாங்க. ஜெர்மனி, இத்தாலி பக்கம் 1.500ன்னு போட்டிருந்தா அது ஒண்ணரை இல்ல, ஆயிரத்து ஐநூறு. கார்டு மெஷின்ல புரியாத மொழில ஏதோ கேட்டா பச்சை பட்டனை அமுக்கிட்டு வராதீங்க, உங்க நாட்டு காசுல எடுக்கட்டுமான்னு கேக்குதா இருக்கும், பொதுவா அந்த ரேட் நமக்கு நஷ்டம். உள்ளூர் காசையே செலக்ட் பண்ணுங்க.

மருந்துக்கு பிராண்ட் பேர் வேலைக்கு ஆகாது, உள்ள இருக்குற மருந்தோட பேர் வேணும். அதுலயும் பாராசிட்டமால் அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் அசிட்டமினோஃபென். எமர்ஜென்சி நம்பரை போன்ல முன்னாடியே சேவ் பண்ணிக்கோங்க: ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல 112, ஜப்பான்ல ஆம்புலன்ஸுக்கு 119, தாய்லாந்து டூரிஸ்ட் போலீஸ் 1155. கொரியாவுல 1330க்கு அடிச்சா டூரிஸ்ட்டுகளுக்கு பல மொழில உதவுவாங்க.

கடைசியா ஒண்ணு, புரியாத பேப்பர்ல கையெழுத்து போடுறது. பைக் வாடகைக்கு எடுக்குறப்போ ஃபார்மை கேமரா ட்ரான்ஸ்லேஷன்ல ஒரு தடவை ஓட்டி பாருங்க, வண்டில ஏற்கனவே இருக்குற கீறலை போட்டோ எடுங்க, பாஸ்போர்ட்டை அடமானமா மட்டும் குடுத்துடாதீங்க. போலீஸ் ஸ்டேஷன்ல நீட்டுற பேப்பர்னா ஆப்பும் பத்தாது, மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க. உங்களை பிடிச்சு வெச்சிருந்தாங்கன்னா, உங்க நாட்டு தூதரகத்துக்கு தகவல் சொல்ல சொல்லி கேக்குற உரிமை, தூதரகங்கள் பத்தி நாடுகள் போட்டுக்கிட்ட 1963 வியன்னா ஒப்பந்தத்துலயே இருக்கு. தூதரகத்தோட நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, அந்த மாதிரி நேரத்துல போன் உங்க கையில இருக்கும்னு சொல்ல முடியாது.