ஆளில்லாத பள்ளியில் ஓடும் மின்சாரம்: தொடக்கப் பள்ளிகளில் செலவைக் குறைப்பது எப்படி?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தொடக்கப் பள்ளி இயங்குவது அதில் ஏறக்குறைய 35 மணி நேரம்தான். மிச்சமுள்ள 133 மணி நேரம் பூட்டிய கட்டடத்துக்குள் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது? சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டத்தில் 21ஆம் பிரிவின்படி நிர்வாகப் பொறுப்புகளை ஏற்ற பள்ளிகள் மின்கட்டணத்தைத் தாங்களே கட்டுகின்றன. அங்கே மிச்சமாகும் ரேண்ட் பணம் புத்தகத்துக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் போகும்.

1. மீட்டரைப் படியுங்கள்

பில்லை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். அதில் மதிப்பீட்டுக் கணக்கும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு மீட்டர் எண்ணைக் குறித்துவிட்டு, திங்கள் காலை 7 மணிக்கு மறுபடி பாருங்கள். இடையில் 64 மணி நேரம். பேச்சுக்கு 128 யூனிட் (கிலோவாட்-மணி) ஓடியிருந்தால், யாருமே இல்லாத பள்ளி சராசரியாக 2 கிலோவாட் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது என்று பொருள். பெரிய பள்ளிகளில் மீட்டர் எண்ணை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கினால்தான் சரியான யூனிட் வரும். அது பெரும்பாலும் பில்லிலேயே இருக்கும்.

இந்தக் கழித்தலையும் வகுத்தலையும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தங்கள் கையால் போட்ட கணக்கை அவர்கள் வீட்டிலும் போய்ச் சொல்வார்கள்.

2. பள்ளி விட்டபின் ஒரு சுற்று

எல்லாரும் போனபிறகு பராமரிப்பாளரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடங்கள். முதலில் பார்க்க வேண்டியது கீசர். சாதாரண 150 லிட்டர் கீசரில் பெரும்பாலும் 3 கிலோவாட் எலிமென்ட் இருக்கும். வெந்நீரை யாரும் தொடாவிட்டாலும், சூடு ஆற ஆற அது தானாக மறுபடி எரியும். டைமர் போடலாம், கீசருக்கென்றே உள்ள வெப்பக்காப்புப் போர்வையை மேலே சுற்றலாம். நீண்ட விடுமுறைக்கு முழுவதுமாக நிறுத்துங்கள். ஆனால் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம், தண்ணீரில் கிருமி வளரும். நிறுத்தி வைத்த கீசரையும் நன்றாகச் சூடேற்றியபிறகே பயன்படுத்துங்கள்.

ஆசிரியர் அறையில் தேநீருக்காகக் காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கும் பாத்திரத்தையும் பாருங்கள். ஒருமுறை கொதிக்க வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றினால் போதும். டக் ஷாப் (பள்ளித் தின்பண்டக் கடை) ஃபிரிட்ஜை டிசம்பர் விடுமுறையில் காலிசெய்து, துடைத்து, கதவைத் திறந்தபடி அணைத்து வையுங்கள். வெளி விளக்கு பகலில் எரிந்தால் சென்சார் பழுதாகியிருக்கலாம். காவலுக்குத் தேவையான விளக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று கரண்ட் போகும் நேரத்தைப் பற்றியது. அப்போது சுவிட்சை அணைக்காமலே எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். கரண்ட் திரும்பியதும் வகுப்பு விளக்குகள் விடியும்வரை எரியும். இருட்டாக இருந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

3. வகுப்பறை

தென்னாப்பிரிக்காவில் வெயில் வடக்குப் பக்கமிருந்து வரும். அந்தப் பக்க ஜன்னலோர வரிசைக்குப் பகலில் பெரும்பாலும் விளக்கு வேண்டியதில்லை. எந்த சுவிட்ச் எந்த வரிசைக்கு என்று வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அறிவிப்பை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் புரியும்.

பழைய 36 வாட் ட்யூப் லைட், அதன் சோக்கையும் சேர்த்தால் சுமார் 45 வாட் இழுக்கும். அதே நீளத்து எல்இடி ட்யூப்புக்கு 18 வாட் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் எரிவதை முதலில் மாற்றுங்கள். வேலையைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது.

4. சோலார் கடைசியில்

மூன்று மாத ரீடிங் கையில் சேர்ந்தபிறகு சோலார் விலை கேளுங்கள். வீணாவதையெல்லாம் நிறுத்தியபின் தேவைப்படும் அமைப்பு சிறியது, அதன் விலையும் குறைவு. பள்ளி நடப்பது பகலில் என்பதால் வெயிலும் தேவையும் ஒரே நேரத்தில் வரும். டிசம்பர் விடுமுறையில் உற்பத்தியாகும் மின்சாரம் எங்கே போகும் என்பதையும், பேனல் திருடு போகாமல் எப்படிக் காப்பது என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.