கதை நகராத நாடகத்தைப் பார்ப்பது எப்படி?

அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்துக்குச் செல்பவர், அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியை முதலில் கைவிட வேண்டும். இரண்டு நாடோடிகள் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள்; இரண்டு அங்கங்களிலும் அவர் வருவதே இல்லை. 1956 ஜனவரியில் மயாமியில் இதைச் சிரிப்பு விருந்தாக விளம்பரம் செய்தார்கள். அதை நம்பி வந்தவர்களில் பலர் பாதியிலேயே எழுந்து போய்விட்டனர். பிழை அவர்களுடையதன்று, விளம்பரத்தினுடையது என்பேன். ஆனால் 1957 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ 1,400 கைதிகள் இதே நாடகத்தில் ஒன்றிப்போயினர். காத்திருத்தல் இன்னதென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே சிறு செயல்களில் கண்ணை வையுங்கள். தொடக்கத்தில், காத்திருப்பவர்களில் ஒருவரான எஸ்ட்ரகான் மூச்சிரைக்கக் காலணியை இழுப்பதையும், ஓய்ந்து மீண்டும் இழுப்பதையும், ஒருவழியாகக் கழற்றியபின் அதற்குள் கைவிட்டுத் துழாவி, கவிழ்த்து உதறி, ஒன்றுமில்லை எனக் காண்பதையும் கவனித்தால், நாடகத்தின் நடை பிடிபட்டுவிடும். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். ஆங்கில வடிவத்தில் பெக்கெட்டே இதைத் துன்ப இன்பியல் நாடகம் என்றுதான் குறித்தார். வழியில் வரும் ஒருவரின் ஏவலாளான லக்கியின் நீண்ட பிதற்றலை வரிவரியாகப் புரிந்துகொள்ள முயலாமல், மற்றவர்கள் அதைத் தாங்க முடியாமல் தவிப்பதைப் பாருங்கள். இரண்டாம் அங்கத்தில் மொட்டை மரத்தில் சில இலைகள் துளிர்த்திருக்கும், மேடைக்காட்சியில் மாற்றம் அவ்வளவுதான்.

கோடோ கடவுளா என்ற விவாதத்தை இடைவேளையில் தவிர்ப்பது நல்லது. அமெரிக்க இயக்குநர் ஆலன் ஷ்னைடர் கேட்டபோது, தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேனே என்றுதான் பெக்கெட் பதிலளித்தார்.