ஈ.பி. கம்பி எட்டாத தீவுக் குடியிருப்பில் டீசலைக் குறைப்பது எப்படி

டீசல் செலவைக் குறைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் பேனல் போடலாம்?" என்பதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்விட்ச் போர்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தமானுக்குக் கப்பலில் போகும் சூரிய மின் சாமான்களை இங்கே கட்டி, ஓட்டிப் பார்த்து, பெட்டியில் அடைத்து அனுப்புகிறோம். பேனல் கணக்கை நான் கடைசியில்தான் போடுவேன். முதலில் எனக்கு வேண்டியது ஜெனரேட்டர் ஓட்டுபவரின் நோட்டு.

நாற்பது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தண்ணீர் மோட்டார், மீன் வைக்க இரண்டு ஃப்ரீசர் உள்ள குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். 25 கே.வி.ஏ., அதாவது 20 கிலோவாட் தரக்கூடிய ஜெனரேட்டர் மாலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும், இரவு பதினொன்றுக்கு நிற்கும். எப்போது போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள், எவ்வளவு டீசல் ஊற்றினார்கள் என்பது நோட்டில் இருக்கும். அதில் இல்லாதது லோடு, அதாவது ஊர் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது. ஒரு டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கருவி) ஆபரேட்டரிடம் கொடுத்து, மணிக்கு ஒருமுறை மூன்று பேஸிலும் எத்தனை ஆம்பியர் போகிறது என்று ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கம் கையில் இல்லாமல் விலைப்பட்டியல் கேட்டு வராதீர்கள்.

எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்று தெரியவரும்: 20 கிலோவாட் தரக்கூடிய எஞ்சின் நாலு, ஐந்து கிலோவாட்டுக்காக ஓடிக்கொண்டிருக்கும். டீசல் வீணாவது இங்கேதான். முக்கால் லோடில் இந்த அளவு எஞ்சின் மணிக்கு நாலு லிட்டருக்குச் சற்று மேல் குடித்து 15 யூனிட் தரும். லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை யூனிட். கால் லோடில் மணிக்கு இரண்டு லிட்டர் குடித்து ஐந்து யூனிட்தான் தரும், லிட்டருக்கு இரண்டரை. அதோடு, குறைந்த லோடில் எஞ்சின் போதிய அளவு சூடாகாது, டீசல் முழுதாக எரியாது, புகைக்குழாயில் கரியும் எண்ணெய்ப் பசையும் படியும். முப்பது சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டுவது எஞ்சினுக்கே கேடு. இப்படி ஐந்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு 10 லிட்டர், மாதத்துக்கு 300 லிட்டர். சென்னை பங்க் விலையே லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் இருக்கிறது. படகுக் கூலி, இறக்குக் கூலி, வழியில் சிந்துவது எல்லாம் அதற்கு மேல். இவ்வளவு செலவழித்தும் பதினொரு மணிக்கு ஃபேன் நின்று, புழுக்கத்தில் குழந்தைகள் எழுந்து அழுகிறார்கள். எனக்குப் பொறுக்காத விஷயம் இது.

அடுத்து மக்களிடம் கேளுங்கள். லோடு கணக்கை நீங்களே ஊகித்து எழுதாதீர்கள். மீன் விற்கும் ஒரு அக்கா போனில் சொன்னார்: "லைட்டு முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல அண்ணே, ஐஸ் பெட்டிக்கு கரண்ட் நிக்காம இருந்தா போதும்." அந்த ஒரு வாக்கியத்தால் ஃப்ரீசருக்குத் தனி சர்க்யூட் போட்டோம். பேட்டரி இறங்கினால் கடைசியாக நிற்பது அதுதான்.

இப்போது கணக்கு. வீட்டுக்கு மூன்று 9 வாட் எல்.இ.டி., ஐந்து மணி நேரம், ஒரு ஃபேன், பத்து மணி நேரம், சின்ன டி.வி. மூன்று மணி நேரம், போன் சார்ஜ். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 30 வாட்டுக்குள் அடங்கும். அதே காற்றுதான், ஆனால் நாற்பது வீட்டுக்கும் மாற்றினால் நாளுக்கு 18 யூனிட் மிச்சம். அந்த 18 யூனிட்டைச் சூரியனிடமிருந்து எடுக்க வேண்டுமானால் நாலரை கிலோவாட் பேனலும் அதற்கேற்ற பேட்டரியும் கூடுதலாக வேண்டும். ஆகவே முதல் பணம் ஃபேனுக்கும் பல்புக்கும் போக வேண்டும். இதில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை. (நம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 48 வோல்ட் டி.சி.யிலேயே வீட்டை ஓட்டும் முறையைச் செய்து, ராஜஸ்தான் பாலைவன வீடுகளில் பொருத்தினார்கள். வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் அந்த வழியைப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் 230 வோல்ட் ஏ.சி.யே வசதி.)

ஃபேன் மாற்றிய பிறகு வீட்டுக்கு 575 வாட்-மணி வரும். நாற்பது வீட்டுக்கு 23 யூனிட். ஃப்ரீசர்களுக்கு நாலு யூனிட், மோட்டாருக்கு இரண்டு, தெருவிளக்குக்கும் பள்ளிக்கும் இரண்டு என்று சேர்த்தால் 31. இன்வெர்ட்டர், பேட்டரி, கம்பி இழப்பெல்லாம் சேர்ந்து 39 யூனிட் விளைவிக்க வேண்டும். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும். மழை நாளில் ஒன்றரை, இரண்டு வந்தால் அதிகம். சராசரிக்கு 10 கிலோவாட் போதும். நான் 12 போடுவேன். மழைக்காலத்துக்கும் முழுதாகப் போதும்படி 20, 25 என்று ஏற்றிக்கொண்டு போனால், ஆண்டில் பாதி நாள் அந்தப் பேனல் சும்மா கிடக்கும்.

அந்தக் குறையை ஜெனரேட்டர் தீர்க்கட்டும். டீசலைக் குறைப்பதென்றால் எஞ்சினை விற்றுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். விற்காதீர்கள், அதன் வேலையை மாற்றுங்கள். தினமும் ஐந்து மணி நேரம் அரைகுறை லோடில் ஓடுவதற்குப் பதில், மழை நாளில் இரண்டே மணி நேரம், முக்கால் லோடில் ஓடி பேட்டரியை நிரப்ப வேண்டும். சார்ஜிங் 12 கிலோவாட், ஊர் லோடு இரண்டு மூன்று. எஞ்சினுக்குப் பிடித்த இடத்தில் நிற்கும். எட்டு, ஒன்பது லிட்டரில் வேலை முடியும், அதுவும் மழை நாளில் மட்டும். வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் லோடு வைத்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தேவைப்படும் அன்று ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரிக்கு 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பெட்டி ஆறு. ஒவ்வொன்றும் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். அதில் எண்பது சதவீதத்தை எடுத்தால் 24 யூனிட் கிடைக்கும், இரவுக்குத் தாங்கும். டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி மலிவுதான். ஆனால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், அந்த வாட்டரும் கப்பலில்தான் வர வேண்டும்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது கவனம். சென்னை மாடிகளில் நெட் மீட்டரோடு இருக்கும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், ஈ.பி. சப்ளை இல்லையென்றால் தானாக நின்றுவிடும்; பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தீவில் சப்ளையே கிடையாது. தானே 230 வோல்ட்டையும் 50 ஹெர்ட்ஸையும் உருவாக்கும் ஹைப்ரிட் அல்லது ஆஃப்-கிரிட் வகைதான் வேண்டும். 15 கே.வி.ஏ. ஒன்று வாங்குவதைவிட, மூன்று பேஸுக்கு மூன்றாக, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடக்கூடிய 5 கே.வி.ஏ. வாங்குங்கள். ஒன்று போனாலும் மற்ற இரண்டில் வீடுகளை மாற்றிக் கொடுத்து ஊரை ஓட்டலாம். சென்னையிலிருந்து கப்பல் போய்ச் சேரவே மூன்று நாள் ஆகிற இடத்துக்கு இதுதான் சரி.

மின்சாரத்தைச் சேமித்து வைக்காமல் ஓடும் மேகத்தோடு போராட முடியாது என்பது பெரிய அளவிலும் உண்மை. தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்த நம் நெய்வேலி என்.எல்.சி., கூடவே 8 மெகாவாட்-மணி பேட்டரியும் வைத்திருக்கிறது. பெரிய கிரிட் எதுவும் தோள் கொடுக்காத தீவில், ஒரு மேகம் கடந்தால் டீசல் எஞ்சின்கள் அத்தனை வேகமாகச் சுமையை ஏற்க முடியாது.

சாமான் வாங்கும் இடம் பற்றி. பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர், மீட்டர், ஃபியூஸ் போன்றவை ரிச்சி தெருவில் கிடைக்கும். போல்ட், நட்டு, வாஷருக்கு செம்புதாஸ் தெரு. கடல் காற்றுக்கு 316 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று கேட்டு வாங்குங்கள், 304 கறை பிடிக்கும். பேனல் ஸ்டாண்டு, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஹாட்-டிப் கால்வனைஸ் ஆக இருக்கட்டும். பேனலுக்கு உப்புக்காற்றுச் சோதனைச் சான்று, ஐ.ஈ.சி. 61701, இருக்கிறதா என்று பாருங்கள். பேனலும் பேட்டரியும் இருக்கும் டி.சி. பக்கத்துக்கு, ஏ.சி.க்கான எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) போடவே போடாதீர்கள். ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், பொறி அணைந்துவிடும், டி.சி.யில் அது தொடர்ந்து எரியும், பெட்டியே தீப்பிடிக்கும். லித்தியம் பேட்டரி கப்பலுக்கு ஆபத்தான சரக்கு. யூ.என். 38.3 (லித்தியம் பேட்டரி போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனை) சான்றும் பாதுகாப்புத் தகவல் தாளும் விற்பவரிடமே வாங்கி வைத்துக்கொண்டு சரக்கு பதிவுக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் அனுப்பும் முன் பட்டறையில் ஒருமுறை முழுசாக இணைத்து, ஹீட்டர் லோடு வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். ஒயர் ஒவ்வொன்றிலும் தமிழில் எண்ணும் பெயரும் ஒட்டுங்கள். அந்த ஊரிலிருந்து ஒருவரையாவது அந்த நாளுக்குச் சென்னைக்கு வரவழையுங்கள், முடிந்தால் ஊரைவிட்டு வேலைக்குப் போகாத ஒரு பெண்ணை. தம் கையால் கழற்றி மாட்டியவருக்கு நடுராத்திரியில் போனில் சொன்னால் புரியும்.

வீட்டுக்கு ஒரு 2 ஆம்பியர் எம்.சி.பி. போதும், யாராவது அயர்ன் பாக்ஸ் போட்டால் அந்த வீடு மட்டும் நிற்கும். மாதச் சந்தா, முன்பு டீசலுக்கு ஒவ்வொரு வீடும் கொடுத்ததில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். அதில் ஒரு பங்கு ஆபரேட்டருக்குச் சம்பளம், ஒரு பங்கு பேட்டரி மாற்றும் நாளுக்காக வங்கியில் தனிக் கணக்கு. இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன இடங்களில் முதல் ஃபியூஸ் போனதும் யாரைக் கேட்பதென்று தெரியாமல் பேனல்கள் துணி காய வைக்கும் இடமாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் மோட்டாரைப் பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் ஓட்டச் சொல்லுங்கள். ஃப்ரீசரையும் அந்த நேரத்தில் அதிகக் குளிரில் வையுங்கள். பேட்டரியைத் தொடாமல் வெயிலிலேயே இரண்டு வேலையும் முடியும். நோட்டை நிறுத்தாதீர்கள்: பேனல் யூனிட், காலை ஆறு மணிக்குப் பேட்டரி சதவீதம், டீசல் லிட்டர், இந்த மூன்றும் தினமும். புது இணைப்பு கேட்டு யார் வந்தாலும், ஒரு மழைக்காலம் முழுதும் காலைச் சதவீதம் முப்பதுக்குக் கீழே போகவில்லை என்று நோட்டில் பார்த்த பிறகு கொடுங்கள்.