ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுத் தேதிகளைக் கி.பி.க்கு மாற்றுவது எப்படி

கர்பலாப் போர் நடந்தது கி.பி. 680 அக்டோபர் 10ஆ, 13ஆ? இரண்டும் சரிதான். முதலாவது ஜூலியன் காலண்டர்த் தேதி. இரண்டாவது, இன்றைய கிரிகோரியன் முறையைப் பின்னோக்கி நீட்டிப் போட்ட கணக்கு. ஏழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 3 நாள் வித்தியாசம். வரலாற்று நூல்கள் ஜூலியனைத்தான் எழுதும். கணினி நிரல்கள் பல கிரிகோரியனைக் காட்டும். கணக்கைத் தொடங்கும் முன்பே எந்தக் காலண்டர் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். கீழே உள்ள தேதிகள் எல்லாம் ஜூலியன்.

ஆண்டு மட்டும் போதும் என்றால் வேலை சுலபம். ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர) ஆண்டை 33ஆல் வகுத்து, வந்ததை அதே ஆண்டிலிருந்து கழித்து, 621.6 கூட்டுங்கள். ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்தில் பொறித்த ஆண்டு 72. 72 − 2.18 + 621.6 = 691.42. அதாவது அந்த ஹிஜ்ரி ஆண்டு 691 ஜூன் தொடக்கத்தில் பிறந்து 692 மே மாதம் முடிகிறது. மாதம் தெரியாதபோது 691/692 என்று சாய்கோடு போட்டுத்தான் எழுத வேண்டும். வெறுமனே 622 கூட்டினால் 694 வரும், தவறு. சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் சுமார் 32 சூரிய ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். திருச்சி கல்லுப்பள்ளி என்ற பள்ளிவாசலுக்குச் சொல்லப்படும் ஹிஜ்ரி 116, இதே கணக்கில் 734 ஆகிறது. 622 கூட்டினால் 738.

நாள் வரைக்கும் வேண்டுமானால் நாள்களையே எண்ண வேண்டும். தொடக்கப் புள்ளி 622 ஜூலை 16, வெள்ளி. அதுதான் ஹிஜ்ரி 1 முஹர்ரம் மாதம் பிறை 1 (முதல் நாள்). இது ஹிஜ்ரத் (நபிகளார் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தது) நடந்த நாள் அல்ல. நபிகளார் மதீனாவை ஒட்டிய குபாவை அடைந்தது ரபீஉல் அவ்வலில், செப்டம்பர் கடைசிப் பகுதியில். கலீஃபா உமர் ஹிஜ்ரி 17 வாக்கில் இந்த ஆண்டெண்ணிக்கையை ஏற்படுத்தியபோது, ஹிஜ்ரத் நடந்த ஆண்டை எடுத்துக்கொண்டு, தொடக்கத்தை முஹர்ரமிலேயே வைத்துவிட்டார்கள்.

ஆண்டிலிருந்து 1 கழித்து 354ஆல் பெருக்குங்கள். அதற்குள் கடந்துபோன மிகை ஆண்டு (355 நாள் கொண்டது) ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூட்டுங்கள். 30 ஆண்டுச் சுற்றில் 2, 5, 7, 10, 13, 16, 18, 21, 24, 26, 29 ஆகிய 11 ஆண்டுகள் மிகை ஆண்டுகள்; ஒரு முழுச் சுற்றுக்கு 10,631 நாள். பிறகு மாதங்கள்: முஹர்ரம் 30, ஸஃபர் 29, ரபீஉல் அவ்வல் 30 என்று மாறிமாறி வரும். ரமளானுக்கு முன் 236 நாள், துல்ஹஜ்ஜுக்கு முன் 325. கடைசியாகப் பிறை எண்ணில் 1 குறைத்துச் சேர்த்தால் மொத்தம் கிடைக்கும். அதை 7ஆல் வகுத்து மீதி பாருங்கள்: 0 வந்தால் வெள்ளி, 1 வந்தால் சனி, 2 வந்தால் ஞாயிறு. மூலத்தில் சொல்லியிருக்கும் கிழமையோடு இதை ஒப்பிடுங்கள்; இந்தக் கிழமைதான் உங்கள் தராசு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நபிகளாரின் கடைசி ஹஜ்ஜான விடைபெறும் ஹஜ்ஜின் அரஃபா நாளை எடுங்கள்: ஹிஜ்ரி 10 துல்ஹஜ் பிறை 9. 9 × 354 = 3186. மிகை நாள் 3. மாதங்கள் 325. பிறை 8. மொத்தம் 3522; ஜூலை 16இலிருந்து எண்ணினால் 632 மார்ச் 7. மீதி 1, ஆகவே சனி. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை என்று உமர் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. மேலே சொன்ன அட்டவணைக் கணக்கு என்பது சராசரி; மக்கள் பிறை பார்த்து மாதம் தொடங்கினார்கள். ஒரு நாள் முன்பின் ஆவது இயல்பு. கிழமையை நம்பி மார்ச் 6 என்று திருத்த வேண்டும்.

ஒரு நாளுக்கு மேல் விலகினால் வேறு சங்கதி. பத்ர் போர், ஹிஜ்ரி 2 ரமளான் பிறை 17: 354 + 236 + 16 = 606. 624 மார்ச் 13, செவ்வாய். வரலாற்று நூல்களோ வெள்ளி என்கின்றன. மூன்று நாள் விலகலைப் பிறையின் தலையில் போட முடியாது. மாதங்களை மாற்றியமைக்கும் ‘நஸீ’ என்ற பழைய வழக்கம் ஹிஜ்ரி 10 வரை இருந்தது. குர்ஆனில் தவ்பா அத்தியாயத்தின் 37ஆம் வசனம் அதைக் கண்டிக்கிறது. இடைமாதம் சேர்த்தார்கள் என்று சிலரும், புனித மாதத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்று சிலரும் விளக்குவார்கள். இடைமாதம் சேர்த்திருந்தால் மாதக்கணக்கிலேயே பிசகும். அதனால் ஹிஜ்ரி 10க்கு முந்தைய எந்த நிகழ்ச்சிக்கும் கி.பி. தேதியைச் ‘சுமார்’ போடாமல் எழுதாதீர்கள். இந்த விஷயத்தில் பாடநூல்களின் துணிச்சல் கொஞ்சம் அதிகம்.

கிழமை ஒரு நாள் இடித்தால் மாலையையும் பாருங்கள். இஸ்லாமிய நாள் மஃரிபில் (சூரியன் மறையும்போது) தொடங்குகிறது. நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் ‘வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு’ என்று போடுவது இதனால்தான். இரவில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிக்கு ஆங்கிலத் தேதி ஒன்று குறையும்.

இன்னொரு காலண்டரின் தேதியும் கூடவே இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. எகிப்தில் கிடைத்து இப்போது வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் ஒன்று, படைக்காக வாங்கிய 65 ஆடுகளுக்கான ரசீது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதியது. அரபியில் ஜுமாதல் ஊலா, ஆண்டு 22. கிரேக்கத்தில் எகிப்திய மாதமான ஃபர்மூத்தி 30, அதாவது 643 ஏப்ரல் 25. அட்டவணைப்படி அந்த ஜுமாதல் ஊலா மார்ச் 28 முதல் ஏப்ரல் 26 வரை. கச்சிதமாகப் பொருந்துகிறது.

கல்வெட்டிலோ நாணயத்திலோ ஆண்டை வாசிப்பதிலும் சறுக்கல் உண்டு. ஆண்டு எண்ணால் இல்லாமல் சொல்லால் இருக்கும், ஒன்றின் இடம் முதலில் வரும்: ‘ஏழும் எழுபதும்’. அக்காலத்தில் அரபி எழுத்துகளுக்குப் புள்ளிகளைப் பெரும்பாலும் இட மாட்டார்கள். புள்ளி இல்லாவிட்டால் ஸப்உ (ஏழு), திஸ்உ (ஒன்பது) இரண்டும் ஒரே வடிவம். ஸப்ஈன் (எழுபது), திஸ்ஈன் (தொண்ணூறு) அதே கதைதான். ஆகவே 77 என்று படித்தது 79, 97, 99 ஆகவும் இருக்கலாம். காசு அச்சிட்ட ஊர், எழுத்து வடிவம், ஆட்சியாளர் பெயர் இவற்றைக் கொண்டு முடிவுசெய்யுங்கள். பெயரையும் முழுக்க நம்ப முடியாது. பாறைக் குவிமாடக் கல்வெட்டில், அதைக் கட்டிய உமையாக் கலீஃபா அப்துல் மலிக்கின் பெயரை எடுத்துவிட்டுப் பின்னால் வந்த அப்பாஸியக் கலீஃபா மஃமூன் தன் பெயரைப் போட்டார். 72 என்ற ஆண்டை மாற்றவில்லை. காட்டிக்கொடுத்தது அதுதான்.

ஈரானியப் பகுதி வெள்ளிக் காசுகளில் பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்தில் 20 என்று இருந்தால் உடனே ஹிஜ்ரியாக எடுக்காதீர்கள். கடைசி ஸாஸானியப் பாரசீக மன்னர் யஸ்தகிர்த் அரியணை ஏறிய 632இலிருந்து எண்ணும் ஆண்டும், அவர் இறந்த 651இலிருந்து எண்ணும் ஆண்டும் அங்கே புழங்கின. முதல் முறையில் 20 என்பது 651/652. இரண்டாம் முறையில் ஏறத்தாழ 671. ஹிஜ்ரியானால் 640/641. ஆளுநர் பெயர் தெரிந்தால் அவர் பதவிக்காலத்துக்குள் எந்தக் கணக்கு விழுகிறது என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள்.