தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள்

பிரான்ஸின் கிராமப்புறங்களில் தனியாக நாள் முழுக்க சைக்கிள் ஓட்டுபவர்களைப் படுத்துவது மேடு அல்ல, மதியம். பன்னிரண்டரை மணிவாக்கில் சின்ன ஊர்க் கடைகள் கதவைச் சாத்திவிடும். இரண்டு, மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஈ, காக்கை இருக்காது. திங்களன்று பல பேக்கரிகளுக்கும் விடுமுறை.

அப்போது தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு குழாய் இருக்கும், பக்கத்தில் பூவாளிகள் தொங்கும். தயங்க வேண்டாம், அங்கே சைக்கிள்காரர்கள் பாட்டில் நிரப்புவது சகஜம்தான். சத்தம் போடாமல், சைக்கிளை வாசலிலேயே சாய்த்துவிட்டுப் போனால் போதும். குழாய்மேல் ‘ஓ நோன் பொத்தாப்ல்’ (Eau non potable, அதாவது குடிக்கத் தகாத தண்ணீர்) என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள், தலையில் ஊற்றிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் உறைந்துவிடும் என்று குழாயை அடைத்துவிடுவதும் உண்டு.

சாப்பாட்டுக்கு, காலையிலேயே பகெட் எனும் நீளமான ரொட்டி ஒன்றும் கொஞ்சம் சீஸும் வாங்கிப் பையில் கட்டிவிடுங்கள். பகெட் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும், பரவாயில்லை. அப்புறம், அவசர எண் 112.